கினோசாகி வெந்நீர் ஊற்று ஊருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் முறை போகிறேன், எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் கினோசாகி ஓன்செனைத்தான் சொல்வேன். பல ஊர்களில் நல்ல குளியல் என்பது விலை உயர்ந்த விடுதிகளுக்குள் இருக்கும், பணம் கட்டி அறை எடுத்தவர்களுக்கு மட்டும். இங்கே ஊரின் பெருமையே தெருவில் இருக்கும் ஏழு பொதுக் குளியலகங்கள்தான். சிறிய விடுதியில் தங்கினாலும் பெரிய விடுதியில் தங்கினாலும் எல்லோரும் அதே ஏழுக்குத்தான் நடந்து போகிறார்கள்.

ஊர் ஹியோகோ மாகாணத்தின் வடக்கு ஓரத்தில், ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஓதானி என்ற சின்ன ஆறு, இரு கரையிலும் தொங்கும் வில்லோ மரங்கள், வளைந்த கல் பாலங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க இருபது நிமிடம் போதும். ரயில் நிலையம்தான் வாசல், தெருதான் நடைக்கூடம், விடுதிகள் எல்லாம் அறைகள், பொதுக் குளியலகங்கள்தான் குளியலறை, ஆக ஊர் முழுவதும் ஒரே விடுதி என்று அங்கே சொல்வார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். காலையில் வந்து மாலையில் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஊர் பிடிபடாது. குறைந்தது ஓர் இரவு தங்குங்கள். பக்கத்து இடங்களையும் பார்ப்பதாக இருந்தால் இரண்டு இரவு.

எப்படிப் போவது

ஒசாகாவிலிருந்து கொனோதோரி என்ற விரைவு ரயில் இருக்கிறது, சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். கியோட்டோவிலிருந்து வரும் ரயிலின் பெயரே கினோசாகிதான், அது சுமார் இரண்டரை மணி நேரம். புல்லட் ரயில் இந்தப் பக்கம் கிடையாது, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் வண்டி போகும், எனவே ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெயர் போட்ட எல்லா வண்டிகளும் கினோசாகி வரை போவதில்லை. சில ஃபுகுச்சியாமாவோடு நின்றுவிடும், சில தொயோகாவோடு. டிக்கெட் எடுக்கும்போது கடைசி நிலையம் எது என்று பாருங்கள். நின்றாலும் பெரிய சிக்கல் இல்லை, இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம், ஆனால் விடுதியில் இரவு உணவுக்கு நேரம் குறித்திருப்பார்கள், அதற்குள் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, விரைவு ரயிலுக்கு சாதாரணக் கட்டணம் தனி, விரைவுக் கட்டணம் தனி, இரண்டும் வேண்டும். ஒசாகா, கியோட்டோ, ஹிமேஜி என்று சுற்றுகிற திட்டம் இருந்தால் ஜேஆர் நிறுவனத்தின் கன்சாய் வைட் ஏரியா பாஸ் 5 நாள் செல்லும், கினோசாகியும் அதில் அடக்கம். போக வர தனித்தனியாக டிக்கெட் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விடுதி பிடிக்கும்போது

இங்கே தங்குமிடம் என்றால் பெரும்பாலும் ரியோகான், அதாவது தரையில் ததாமிப் பாய், இரவில் விரிக்கும் மெத்தை, இரவு உணவும் காலை உணவும் சேர்த்த கட்டணம். கட்டணத்தை அறைக்கு இவ்வளவு என்று சொல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள், இதைக் கவனிக்காமல் மலிவு என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

விடுதியின் சொந்தக் குளியலைப் பார்த்து விடுதி தேடாதீர்கள். அது சின்னதாகத்தான் இருக்கும், அதற்கு ஒரு கதை உண்டு. வெந்நீர் ஊருக்குப் பொது, விடுதிக்குள் குளியல் கூடாது என்பது பழைய ஏற்பாடு. 1927இல் ஒரு விடுதி உள்ளேயே குளியல் கட்டப் போக, ஊரே எதிர்த்து நின்று வழக்காகி, 1950இல்தான் சமரசம் ஆனது. அதன் பிறகு விடுதிக்குள் குளியல் வந்தது, ஆனால் அளவுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். பொதுக் குளியலகங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். பெரிய பணம் வந்தும் ஊர் ஊராகவே இருப்பதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே நேரம் அந்தச் சின்னக் குளியலுக்கும் ஒரு பயன் இருக்கிறது. பல விடுதிகளில் அதைக் கொஞ்ச நேரத்துக்கு உங்களுக்கு மட்டும் ஒதுக்கித் தருவார்கள். கணவன் மனைவி, குழந்தைகள் என்று சேர்ந்து குளிக்க விரும்புகிறவர்களும், அறிமுகம் இல்லாதவர்கள் முன்னால் உடை இல்லாமல் நிற்க இன்னும் மனம் வராதவர்களும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் குளியலை இங்கே முடித்துவிட்டு வெளியே போனால் பாதிக் கூச்சம் போய்விடும்.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்கள் முன்யோசனையோடு இருக்க வேண்டும். இரவு உணவு என்பது சின்னச் சின்னப் பாத்திரங்களில் வரிசையாக வரும் விருந்து, பச்சை மீன் நிச்சயம் இருக்கும். சைவம் என்று சொன்னால் மீனையும் இறைச்சியையும் எடுத்துவிடுவார்கள், ஆனால் ரசம் போன்ற சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை உலர்ந்த மீனில் எடுத்த தாஷி என்ற சாறு. அதுவும் ஆகாது என்றால் முன்பதிவு செய்யும்போதே தெளிவாக எழுதுங்கள், வந்து இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முடியாது என்று பதில் வந்தால் சாப்பாடு இல்லாத அறையோ காலை உணவு மட்டும் உள்ள அறையோ எடுத்துவிட்டு, ஒசாகாவிலிருந்தே கொஞ்சம் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. இரவில் இந்த ஊரில் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மாறான பிரச்சினை, பர்ஸ் தாங்குமா என்பது. நவம்பர் முதல் மார்ச் வரை மத்சுபா நண்டுக் காலம், விடுதிக் கட்டணம் எகிறிவிடும். நண்டு முக்கியம் இல்லையென்றால் மே, ஜூன், அக்டோபர் மாதங்களில் போங்கள், கூட்டமும் குறைவு. தாஜிமா மாட்டிறைச்சி ஆண்டு முழுவதும் கிடைக்கும், கோபே மாட்டிறைச்சி என்று உலகம் முழுக்க விற்பது இந்தப் பகுதியின் தாஜிமா மாட்டு இனத்திலிருந்து வருவதுதான்.

வந்து இறங்கியதும்

அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். முன்னாலேயே வந்துவிட்டால் பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நடக்கலாம். அறைக்குள் போனதும் யுகாட்டா என்ற பருத்தி அங்கி மடித்து வைத்திருக்கும், மரச் செருப்பான கெத்தா வாசலில் இருக்கும், துண்டும் சோப்பும் வைத்துக்கொள்ள ஒரு கூடை கொடுப்பார்கள். யுகாட்டாவைக் கட்டும்போது உங்கள் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. மாற்றிக் கட்டியிருந்தால் விடுதி அம்மா ஓடி வந்து சரிசெய்துவிடுவார், பயப்பட வேண்டாம். உள்ளாடை அணிந்துகொள்ளலாம். குளிர்காலத்தில் மேலே போட ஒரு தடித்த மேலங்கியும் தருவார்கள்.

இதே உடையில் தெருவில் நடக்கலாமா என்று தயங்காதீர்கள், ஊரே அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு விடுதிக்கும் யுகாட்டாவின் நிறமும் கோலமும் வேறு. கெத்தாவில்தான் முதல் அரை மணி நேரம் சிரமம். காலை இழுத்து நடக்காமல் சின்ன அடியாக வைத்தால் பழகிவிடும். விரல் இடுக்கில் தோல் உரிந்தால் சாதாரணச் செருப்புக்கு மாறிவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஏழு குளியலகங்களுக்கும் செல்லும் அனுமதிச் சீட்டு இலவசம். கைபேசியில் காட்டும் குறியீடாகவோ அட்டையாகவோ தருவார்கள். கிளம்பும் நாளில் எத்தனை மணி வரை செல்லும் என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தங்காமல் வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

குளிக்கும் முறை

எல்லோரும் பயப்படும் இடம் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சீட்டைக் காட்டுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வழி, ஒவ்வொன்றிலும் திரைச்சீலை தொங்கும். பொதுவாக நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு, ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள், சந்தேகம் என்றால் கேட்டுவிடுங்கள். உள்ளே போனதும் உடை மாற்றும் அறை. அங்கே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நீச்சலுடை கூடாது. கையில் ஒரு சின்னத் துண்டு மட்டும். பெரிய துண்டும் கைபேசியும் பெட்டிக்குள் இருக்கட்டும், கைபேசியை எடுத்தாலே முறைப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. தாலியையோ பூணூலையோ கழற்றச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள், மஞ்சள் சரடாக இருந்தால் ஈரம் காய நேரமாகும், சாயமும் தண்ணீரில் இறங்கக்கூடும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குளியல் அறைக்குள் நுழைந்ததும் நேராகத் தொட்டிக்குப் போகாதீர்கள். சுவர் ஓரமாகக் குழாயும் குட்டி முக்காலியும் வரிசையாக இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டி. அழுக்குப் போகக் குளிப்பது வெளியே, தொட்டி என்பது ஊறுவதற்கு மட்டும். நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும், எனவே உட்கார்ந்தே குளியுங்கள். இருக்கையை விட்டு எழும்போது முக்காலியையும் அலசி வையுங்கள்.

முடி நீளமாக இருந்தால் தூக்கிக் கட்டிவிடுங்கள், தண்ணீரில் படக்கூடாது. சின்னத் துண்டும் படக்கூடாது, அதனால்தான் எல்லோரும் மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், காலை வைத்ததும் சுடும். கையால் மொண்டு உடம்பில் ஊற்றிப் பழக்கிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். ஏறி உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். தலை சுற்றுவது போல இருந்தால் உடனே வெளியே வாருங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டதும் இறங்காதீர்கள், குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சொந்த ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. உடை மாற்றும் அறைக்குத் திரும்பும் முன் சின்னத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள், தரை ஈரமாகக் கூடாது.

பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல குளியலகங்களில் விடமாட்டார்கள். கினோசாகியின் பொதுக் குளியலகங்களில் அந்தத் தடை இல்லை. கையில் சாமி படமோ பெயரோ குத்தியிருந்தாலும் கவலை இல்லாமல் போகலாம்.

இத்தனைக்கும் அப்புறம் வெட்கம்? முதல் இரண்டு நிமிடம் இருக்கும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்ததும் போய்விடும். தெரிந்தவர்களோடு போவதைவிடத் தனியாகப் போவது சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

ஏழில் எது

எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சேர்த்துப் பகிரும் வெந்நீர்தான், கொஞ்சம் உப்புத்தன்மை உள்ளது. எனவே இது தோலுக்கு நல்லது, அது மூட்டுக்கு நல்லது என்று பிரித்துத் தேடுவதில் அர்த்தம் இல்லை. கட்டடம், கூட்டம், நேரம் இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கொனோ-யு ஊரின் கோடியில் இருக்கிறது, ஏழில் பழமையானது. காயம்பட்ட நாரை இந்த நீரில் காலை நனைத்து ஆற்றிக்கொண்டதாகக் கதை. மரங்களுக்கு நடுவே திறந்தவெளித் தொட்டி, நிலையத்திலிருந்து தூரம் என்பதால் நிதானமாக இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். கோஷோ-நோ-யு கியோட்டோ அரண்மனை பாணியில் பெரிதாகக் கட்டியது, பின்னால் அருவி விழும், எல்லோரும் அங்கேதான் போவார்கள், மாலையில் நெரிசல். இச்சி-நோ-யுவில் பாறையைக் குடைந்தது போன்ற குகைத் தொட்டி இருக்கிறது. ககாவா என்ற எடோ கால (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மருத்துவர் இதை நாட்டிலேயே முதன்மையானது என்று புகழ்ந்ததால் வந்த பெயர், இச்சி என்றால் ஒன்று. மந்தாரா-யு தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது, தோச்சி என்ற துறவி 717இல் வந்து ஆயிரம் நாள் மந்திரம் ஓதி, 720இல் வெந்நீர் பொங்கியது என்ற தலபுராணம் இதைச் சேர்ந்தது. யனாகி-யு மிகச் சின்னது, ஆழமும் சூடும் அதிகம், புதிதாக வருகிறவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம். ஜிஸோ-யு உள்ளூர்க் குடும்பங்கள் வரும் சாதாரண இடம். நிலையத்தை ஒட்டியிருப்பது சாதோ-நோ-யு, திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அது ஒன்றுக்கொன்று மாறும். சில காலை 7 மணிக்கே திறக்கும், சில பிற்பகல் 3 மணிக்குத்தான். அன்றைய பட்டியல் விடுதியில் இருக்கும். ஏழு குளியலகங்களையும் ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்று ஓடுகிறவர்கள் உண்டு, அது பரீட்சை எழுதுவது போல ஆகிவிடும், உடம்பும் தளர்ந்துவிடும். இரவு உணவுக்கு முன் ஒன்று, உணவு செரித்த பிறகு ஒன்று, காலை 7 மணிக்கு ஒன்று. இதுதான் நல்ல கணக்கு. காலையில் கதவு திறக்கும்போதே போய் நின்றால் முதல் ஆளுக்கு ஒரு நினைவு மரப் பட்டை தருவார்கள். அதற்காகவே விடியற்காலையில் வரிசை கட்டுகிறார்கள்!

ஊருக்குள்ளேயே பார்க்க வேண்டியது

கொனோ-யுவுக்கு அருகே மலையேறும் ரோப்கார் இருக்கிறது. நடு நிலையத்தில் இறங்கினால் ஓன்சென்ஜி கோயில், தோச்சி துறவி 738இல் நிறுவியது. முற்காலத்தில் வெந்நீர் தேடி வந்தவர்கள் முதலில் இந்தக் கோயிலில் வணங்கி, ஓர் அகப்பையை வாங்கிக்கொண்டு போய்த்தான் குளிக்க முடியும். உள்ளே கருணையின் பௌத்தத் தெய்வமான கண்ணோனின் பதினோரு முகச் சிலை, 33 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் திரை விலக்கிக் காட்டுவார்கள். உச்சிக்குப் போனால் ஊர், மருயாமா ஆறு, அது கடலில் கலக்கும் இடம் மூன்றும் ஒரே பார்வையில். சாப்பிட்ட நண்டுகளின் ஆன்மாவுக்காக ஒரு நினைவுக் கல்லும் அங்கே உண்டு. கீழே இறங்கியதும் ஊற்றுக்கண் அருகே முட்டை வாங்கி வெந்நீரில் அவித்துச் சாப்பிடலாம்.

இப்போது பார்க்கிற மரக் கட்டடங்களை ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைத்துவிடாதீர்கள். 1925 மே 23 அன்று வந்த நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஊர் அழிந்துபோனது. மறுபடி கட்டியதுதான் இது. ஆற்றங்கரைச் சுவரில் அறுகோணக் கல்லாக அடுக்கியிருப்பதைப் பாருங்கள், அது கெம்புதோ குகைப் பாறை.

அக்கம்பக்கம்

அந்தக் கெம்புதோவுக்கே போகலாம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஆற்றுக்கு அக்கரையில். சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி, அறுகோணத் தூண்களாக வெடித்து நிற்கிறது, யாரோ செதுக்கி அடுக்கியது போலவே இருக்கும். 1926இல் மத்துயாமா மோதோனோரி என்ற புவி இயற்பியல் அறிஞர் இந்தப் பாறையின் காந்தத் திசையை அளந்தார், இன்றைய காந்தத் திசைக்கு நேர் எதிராக இருந்தது. பூமியின் வட தென் காந்த முனைகள் பழங்காலத்தில் தலைகீழாக இருந்திருக்கின்றன என்ற கருத்துக்கு இது முக்கியமான சான்று. கெம்புதோ என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே இறங்கினால் நடுவில் ஆறு, பாலம் பக்கத்தில் இல்லை. படகு உண்டு, அதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வாடகை சைக்கிளோ டாக்சியோ சுலபம்.

பத்து நிமிட ரயில் தூரத்தில் தொயோகா. அங்கிருந்து பேருந்தில் நாரைப் பூங்காவுக்குப் போகலாம். ஜப்பானின் கடைசி இயற்கை நாரை 1971இல் இங்கேதான் செத்தது. 1985இல் ரஷ்யாவின் கபரோவ்ஸ்கிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, 1989இல் முதல் முறை பொரிக்கவைத்து, 2005இல் வானில் திறந்துவிட்டார்கள். பூச்சிமருந்தைக் குறைத்து, மீனும் தவளையும் வாழும்படி வயலில் தண்ணீர் தேக்கும் முறைக்கு விவசாயிகள் மாறியதால்தான் அவை தங்கின. அந்த அரிசியைத் தனியாக விற்கிறார்கள், வாங்கலாம். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசும், அந்த ஓசையைக் கேட்டுவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நீங்கள் வந்த ரயிலின் பெயர் கொனோதோரியும் இந்த நாரைதான்.

மறுநாள் முழுவதும் கையில் இருந்தால் இஸுஷி. தொயோகாவிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம், பழைய கோட்டை ஊர். கோட்டை வாசலில் ஷின்கோரோ என்ற கடிகாரக் கோபுரம், கோட்டை மேட்டுக்கு ஏறும் சிவப்புத் தோரண வரிசை, 1901இல் திறந்து 1964இல் மூடி, 2008இல் மீண்டும் உயிர் பெற்ற எய்ராகுகான் என்ற கபுகி நாடக அரங்கம். ஆட்டம் இல்லாத நாளில் மேடைக்கு அடியில் போய்ச் சுழலும் மேடையின் இயந்திரத்தையே பார்க்கலாம், நாடகத்தைவிட அது எனக்கு அதிகம் பிடித்தது. சாப்பாட்டுக்கு சரா சோபா, அதாவது தட்டுகளில் வரும் சோபா தானிய நூடுல்ஸ். 1706இல் இங்கே மாற்றலாகி வந்த சென்கோகு பிரபு ஷினானோ பகுதியிலிருந்து சோபா செய்கிறவர்களையும் கூட்டி வந்ததில் தொடங்கியது. சின்னச் சின்ன வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஐந்து தட்டு ஓர் ஆளுக்கு, அதற்கு மேல் தட்டுக் கணக்கு. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் உண்டு. கோதுமை ஒவ்வாமை போலவே சோபா தானிய ஒவ்வாமையும் கடுமையாக இருக்கும் என்பதால் முதல் முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

இஸுஷிக்குப் பேருந்து அடிக்கடி கிடையாது. இறங்கியதும் திரும்பும் வண்டியின் நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் சுற்றுங்கள். பெட்டியைக் கினோசாகியில் விட்டுவிட்டு வந்தால் மறுபடி அங்கே போக வேண்டியிருக்கும், எனவே கிளம்பும் நாளில் இஸுஷி போவதாக இருந்தால் தொயோகா நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போய், அங்கிருந்தே ஒசாகாவுக்கோ கியோட்டோவுக்கோ ரயில் ஏறிவிடுங்கள். எல்லாக் கடையிலும் கார்டு வாங்கமாட்டார்கள், பேருந்துக்கும் சில்லறை வேண்டும், கையில் பத்தாயிரம் யென்னாவது ரொக்கமாக இருக்கட்டும்.